பொருளைக் காப்பது பழக்கமே!

இந்த நிகழ்ச்சியை வீட்டில் பார்த்துக்கொண்டே, 'சத்தத்தைக் கொஞ்சம் கூட்டலாம்னா ரிமோட்டை எங்கய்யா காணோம்' என்று மெத்தைக்கு அடியில் துழாவிக்கொண்டிருக்கும் அன்பு நெஞ்சங்களே! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, 'அன்றாடப் பொருள்களைத் தொலையாமல் காப்பது ஞாபக சக்தியா? நல்ல பழக்கமா?' என்பது தலைப்பு. பழக்கமே என்று வாதாட வந்திருக்கிறேன். சாவி, குடை, கண்ணாடி, பர்ஸ்... இதெல்லாம் ஒரு தலைப்பா என்று கேட்பவர்கள் இருக்கலாம். ஐயா, நம் வீடுகளில் காலை எட்டு மணிக்கு நடக்கிற சண்டையில் பாதி இந்தத் தலைப்பில்தான் நடக்கிறது!

எதிரணித் தலைவர் எடுத்த எடுப்பிலேயே வல்லாரைக் கீரையில் ஆரம்பித்தார். சாப்பிடுங்க, ஞாபகம் வளரும், பொருள் தொலையாதுன்னார். வல்லாரையை நான் குறை சொல்லலைங்க. துவையல் அரைச்சா அருமையா இருக்கும். ஆனா ஒரு மனுஷன், வாங்கின வல்லாரைக் கட்டையே பஸ் சீட்டில் வச்சிட்டு இறங்கிப் போனதை இந்தக் கண்ணால பார்த்தவ நான். (பலத்த சிரிப்பு)

(நடுவர்: அவரு இன்னும் சாப்பிட ஆரம்பிக்கலையோ என்னமோம்மா! - சிரிப்பு)

அடுத்து வந்த தம்பி, சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரைத் துணைக்கு அழைத்தார். நாகர்கோவில் பக்கம் இடலாக்குடியில் பிறந்து, 1907-ஆம் ஆண்டு சென்னையில் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனித்துப் பதில் சொல்லிக் காட்டிய மாமேதை. அவர் பெயரைக் கேட்டாலே கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனா தம்பி, 'அவதானம்'னா என்ன அர்த்தம்? ஞாபகம்னா அர்த்தம்? கவனம்னு அர்த்தம்! கவனத்தைப் பயிற்சியில் போட்டுப் பழக்கி எடுத்தால் அவதானம். நீங்க கொண்டுவந்த சாட்சி எங்க கட்சிக்குத்தான் சாட்சி சொல்லுது! (கைதட்டல்)

ஞாபக சக்தி இருந்தால் பொருள் தொலையாது என்பது உண்மையானால், 1999-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நியூயார்க் நகரத்தில் அப்படி ஒரு சம்பவம் நடந்திருக்கக் கூடாது. யோ-யோ மா என்று ஓர் உலகப் புகழ் பெற்ற இசைக் கலைஞர். செல்லோ வாசிப்பவர். செல்லோ என்பது வயலினுக்குப் பெரியண்ணன் மாதிரி. உட்கார்ந்துகொண்டு, காலுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கிற வாத்தியம். அவருடையது 1733-இல் செய்தது. விலைமதிப்பு சுமார் 25 லட்சம் டாலர். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அதை ஒரு டாக்சியின் பின்பெட்டியில் வைத்தார். இறங்கினார். காசு கொடுத்தார். வாத்தியத்தை விட்டுவிட்டுப் போயேவிட்டார்!

மணிக்கணக்கான சங்கீதத்தை ஏட்டைப் பார்க்காமல் வாசிக்கிற மனிதர் அவர். அவருக்கா ஞாபக சக்தி இல்லை? வாத்தியம் அன்றைக்கே கிடைத்துவிட்டது. எப்படி? டாக்சிக்கு வாங்கிய ரசீது கையில் இருந்தது. அதைப் பிடித்து வண்டியைக் கண்டுபிடித்தார்கள். ஞாபகம் கைவிட்ட மனிதரை, ரசீது வாங்குகிற பழக்கம் காப்பாற்றியது.

நம்ம ஊர் நாதஸ்வர வித்வானைப் பாருங்க. சீவாளி எவ்வளவு சின்னப் பொருள்! காற்றடிச்சாப் பறக்கும். ஆனா கூடுதல் சீவாளிகளும், அதைச் சரிசெய்கிற ஊசியும் நூலில் கோத்து, வாத்தியத்திலேயே தொங்கிக்கிட்டு இருக்கும். கோயில் புறப்பாட்டில் நாலு வீதி நடந்தே வாசிச்சாலும், 'சீவாளி எங்கேப்பா வச்சேன்'னு அவர் தேட வேண்டியதில்லை. மறக்கிறவன்தான் மனுஷன் என்று தெரிந்த நம் முன்னோர், மறதியோடு மல்லுக்கட்டவில்லை. ஒரு நூலை எடுத்துக் கட்டிவிட்டார்கள். (கைதட்டல்)

அஞ்சறைப் பெட்டியும் அந்த மாதிரிதான். எண்ணெய் காய்ஞ்ச நேரத்தில் நம்ம அம்மா கடுகைத் தேடி யாராவது பார்த்திருக்கீங்களா? கண்ணு எண்ணெயில இருக்கும், வாய் நம்மளைத் திட்டிக்கிட்டு இருக்கும், கை மட்டும் போய்க் கடுகை அள்ளிக்கிட்டு வரும். (சிரிப்பு) அது ஞாபகமா? அந்தப் பெட்டியில் கடுகுக்கும் உளுந்துக்கும் யாராவது ஒரு நாள் இடம் மாற்றி வைக்கட்டும், அப்புறம் தெரியும் சேதி.

நடுவர் அவர்களே, பொருள் ஏன் தொலைகிறது என்பதை எதிரணியினர் யோசிக்கவே இல்லை. தேடும்போது நாம் என்ன சொல்கிறோம்? 'எங்க வச்சேன்னு ஞாபகம் வரலையே' என்கிறோம். உண்மை என்ன? ஞாபகம் வரவில்லை என்பதல்ல. அது பதியவே இல்லை! வைத்த நேரத்தில் மனசு அங்கே இல்லை. கை கண்ணாடியை வைக்கிறது, காது போனில் இருக்கிறது, மனசு ஆபீஸில் இருக்கிறது. எழுதாத சிலேட்டில் எதை ஐயா படிக்க முடியும்? வல்லாரை சாப்பிட்டாலும் எழுதாத எழுத்து தெரியுமா?

இரண்டாவது காரணம் ஒன்று உண்டு. வந்த காரியம் முடிந்தவுடன் மனசு மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். ஜெராக்ஸ் கடைக்குப் போகிறோம். நமக்கு வேண்டியது நகல். நகல் கையில் வந்ததும் காரியம் முடிந்தது. காசைக் கொடுக்கிறோம், நடக்கிறோம். பத்தாம் வகுப்பு ஒரிஜினல் சர்ட்டிபிகேட், மெஷின் மூடிக்குக் கீழே குப்புறப் படுத்திருக்கிறது! (சிரிப்பு) ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்.

ஏ.டி.எம். இயந்திரத்தின் கதையும் இதுதான். ஆரம்ப காலத்து இயந்திரங்களில் பணம் முதலில் வரும், கார்டு பிறகு வரும். வந்த காரியம் பணம். பணம் வந்ததும் ஜனங்கள் கார்டை விட்டுவிட்டுப் போனார்கள். செய்தவர்கள் என்ன செய்தார்கள்? 'அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, ஞாபக சக்தியை வளர்த்துக்கொள்ளுங்கள்' என்று போர்டு வைத்தார்களா? வரிசையை மாற்றினார்கள். முதலில் கார்டை எடு, அப்புறம்தான் பணம் என்றார்கள். இரும்பு இயந்திரத்துக்குப் புரிந்த விஷயம் எதிரணிக்கு இன்னும் புரியலையே என்பதுதான் என் வருத்தம். (சிரிப்பு, கைதட்டல்)

'மறக்கிறவன் சோம்பேறி, அக்கறை இல்லாதவன்' என்று ஒரு குற்றச்சாட்டை வீசினார் எதிரணித் தோழர் ஒருவர். அவருக்கு 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதியைக் காட்டுகிறேன். அமெரிக்காவில், டேட்டன் நகரத்துக்குப் பக்கத்தில், போயிங் நிறுவனம் புதிதாகக் கட்டிய பெரிய போர் விமானம் ஒன்று சோதனைக்காகக் கிளம்புகிறது. ஓட்டியவர் அனுபவம் மிக்க ராணுவ விமானி. விமானம் தரையில் நிற்கும்போது காற்றில் வால் பகுதி ஆடாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. கிளம்புவதற்கு முன் அதை விடுவிக்க வேண்டும். மறந்துவிட்டார்கள். மேலே ஏறிய விமானம் நிலைகுலைந்து விழுந்து எரிந்தது. இரண்டு உயிர்கள் போயின.

அக்கறை இல்லாமலா? ஓட்டுகிறவன் உயிரே அதில்தானே இருக்கிறது! அதற்குப் பிறகு விமானிகள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரனாக இருந்தாலும் ஞாபகத்தை நம்பிக் கிளம்பக் கூடாது. சரிபார்க்க வேண்டியதை ஒரு அட்டையில் எழுதி, ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்க வேண்டும். அந்த அட்டையோடு, அதே விமானக் குடும்பம் பிறகு ஆயிரக்கணக்கில் பறந்தது. இன்று நம்மை ஏற்றிச் செல்லும் விமானி, ஆயிரம் முறை ஓட்டியிருந்தாலும் ஆயிரத்து ஒன்றாவது முறையும் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார். 'எனக்கு எல்லாம் மனப்பாடம்' என்று சொல்கிற விமானி ஓட்டும் விமானத்தில் எதிரணித் தலைவர் ஏறுவாரா? (கைதட்டல்)

ஜப்பான் ரயில்வேயில் இன்னொரு பழக்கம். சிக்னலைப் பார்த்ததும் ஓட்டுநர் விரலை நீட்டி, வாய்விட்டுச் சொல்வார். தனியாக இருந்தாலும் சொல்வார். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். 1994-இல் அந்த நாட்டு ரயில்வே ஆய்வு நிலையம் இதைச் சோதித்துப் பார்த்தது. சும்மா செய்யும்போது நூறு செயலுக்கு 2.38 தவறு, விரல் நீட்டி வாய்விட்டுச் சொன்னபோது 0.38.

அதே ஜப்பானில், அதே ஒழுங்கான ஜனங்கள், மழை நின்றதும் குடையை விட்டுவிட்டுப் போகிறார்கள். 2018-ஆம் ஆண்டில் மட்டும் டோக்கியோ போலீசிடம் வந்து சேர்ந்த குடைகள் 3 லட்சத்துக்கும் மேல்! தேடி வந்து வாங்கிப் போனவர்கள் நூற்றுக்கு ஒருவர் கணக்கில்தான். சிக்னலுக்குப் பழக்கம் இருந்தது, தவறு குறைந்தது. குடைக்குப் பழக்கம் இல்லை, போலீஸ் ஸ்டேஷன் நிரம்பியது.

நாமும் வீட்டைப் பூட்டும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்போம். 'கேஸ் மூடியாச்சு. மோட்டார் நிறுத்தியாச்சு. சாவி கையில இருக்கு.' பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டுமே! மூணு தெரு தாண்டிப் போய், 'பூட்டுனோமா இல்லையா'ன்னு திரும்பி வந்து பூட்டைப் பிடிச்சுத் தொங்குறாரே, அப்ப யாரும் பார்க்கலையா? (பலத்த சிரிப்பு)

நடுவர் அவர்களே, இதுவரை சிரித்தோம். இனி இந்தத் தலைப்பின் இன்னொரு பக்கத்தைச் சொல்ல அனுமதி கொடுங்கள்.

ஞாபக சக்தி, ஞாபக சக்தி என்கிறார்களே, நம் வீடுகளில் அது எங்கே இருக்கிறது? அது ஒரு ஆளாக நடமாடிக்கொண்டிருக்கிறது. அந்த ஆளுக்குப் பெயர் அம்மா. 'அம்மா, என் பெல்ட் எங்க?' 'ஏய், என் கண்ணாடிய எங்க வச்ச?' கண்ணாடி யாருடையது? அவருடையது. போட்டது யார்? அவர். கழற்றி வைத்தது யார்? அவர். ஆனா பதில் சொல்ல வேண்டியது மட்டும் அடுப்படியில இருக்கிற அம்மா! (கைதட்டல்) கேஸ் புக், ரேஷன் கார்டு, பத்திரம், பையனுடைய தடுப்பூசி அட்டை, அத்தனையும் அவள் தலைக்குள்ளே. அந்தத் தலைக்கு ஒரு நாள் லீவு உண்டா?

ஒரு அம்மாவை ஆபரேஷனுக்கு உள்ளே அழைத்துப் போகிறார்கள். வீட்டிலிருந்து மகன் போன் பண்ணுகிறான். 'அம்மா, இன்சூரன்ஸ் அட்டை எங்கம்மா இருக்கு?' ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே அவள் சொல்கிறாள்: 'பீரோவுல ரெண்டாவது தட்டு, பச்சைப் பட்டுக்கு அடியில, மஞ்சப்பைக்குள்ள.' அவளுடைய ஞாபக சக்தியை மெச்சுவதா? அந்த நிலைமையிலும் அவளை நிம்மதியாகப் படுக்க விடாத வீட்டை நினைத்து வெட்கப்படுவதா? மயக்க மருந்து கொடுத்த பிறகு போன் வந்திருந்தால் என்ன செய்திருப்பான்?

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு வீடு. அந்த வீட்டம்மா சப்பாத்திக்கு மாவு பிசையும்போது மோதிரத்தைக் கழற்றி வைத்தார். இப்போதைக்கு இங்க இருக்கட்டும் என்று எங்கேயோ வைத்தார். சாயங்காலம் காணோம். அந்த வீட்டில் பத்துப் பாத்திரம் தேய்க்க ஒரு அம்மா வந்துகொண்டிருந்தார். ஒன்பது வருஷமாக வருகிறவர். யாரும் அவரை 'நீதான் எடுத்தாய்' என்று வாய் திறந்து சொல்லவில்லை. 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று மட்டும் சொன்னார்கள். அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டிலும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க சாமான்களை இறக்கினார்கள். மேல் தட்டில் இருந்த பித்தளைச் செம்பை எடுத்துக் கவிழ்த்ததும் 'டங்'கென்று ஒரு சத்தம். மோதிரம்! வீட்டம்மா அலறியடித்துக்கொண்டு அந்த அம்மா குடியிருந்த இடத்துக்குப் போனார். 'மோதிரம் கெடச்சிருச்சும்மா' என்றார். அந்த அம்மா கேட்டார்: 'உங்க மோதிரம் கெடச்சிருச்சு, சந்தோஷம் தாயி. தொலஞ்சு போன என் பேரு எப்ப கெடைக்கும்?'

(அரங்கில் அமைதி, பிறகு கைதட்டல்)

இதுதான் நடுவர் அவர்களே என் வழக்கு. ஞாபகத்தை நம்பி வாழும் வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால், சந்தேகம் ஒரு ஆள் மேல் விழும். பெரும்பாலும் அந்த ஆள் ஏழையாக இருப்பார், இல்லையென்றால் வயதானவராக இருப்பார். 'இந்த மோதிரம் கழற்றினால் இந்தக் கிண்ணத்தில்தான்' என்று ஒரு பழக்கம் இருந்திருந்தால், முதலில் கேள்வி அந்தக் கிண்ணத்தைக் கேட்டிருக்கும். ஒரு மனுஷியின் ஒன்பது வருஷத்து நாணயத்தைக் கேட்டிருக்காது.

எதிரணித் தங்கை ஒரு கேள்வி கேட்டார். கெட்டிக்காரத்தனமான கேள்வி. 'சரி, பழக்கத்தைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதை யார் ஞாபகப்படுத்துவார்கள்?' என்றார். தங்கச்சி, வீட்டுக்கு வந்ததும் செருப்பை வாசலில் விடணும்னு தினமும் ஞாபகப்படுத்திக்கிட்டா விடுறீங்க? கால் தானா விடுது! சாவிக்கு ஆணியை அந்தச் செருப்புக்கு நேர் மேலே அடிங்க. கால் செருப்பை விடும்போதே கை சாவியை மாட்டும். இருக்கிற பழக்கத்தோடு புதுப் பழக்கத்தை முடிச்சுப் போட்டால், ஞாபகத்துக்கு அங்கே வேலையே இல்லை. (கைதட்டல்)

இன்னும் நாலே நாலு சொல்லிவிட்டு அமர்கிறேன்.

ஒன்று, 'இப்போதைக்கு இங்க இருக்கட்டும்' என்ற வார்த்தையை வீட்டை விட்டுத் துரத்துங்கள். தொலைந்த பொருளில் பாதி அந்த 'இப்போதைக்கு'க்குள்ளேதான் கிடக்கிறது.

இரண்டு, காலையில் கொண்டு போக வேண்டிய பொருள் பிரிட்ஜில் இருந்தால், வண்டிச் சாவியையும் அதன் பக்கத்தில் வையுங்கள். சாவி இல்லாமல் வண்டி கிளம்பாது. சாவியை எடுக்கப் போனால் பொருள் கண்ணில் படாமல் போகாது. அன்றைக்கு ஒரு நாள் ஆணி கோவித்துக்கொள்ளாது.

மூன்று, எண்ணிக்கை. அந்தக் காலத்தில் ரயில் ஏறும்போது தாத்தா கேட்பார், 'மொத்தம் எத்தனை உருப்படி?' 'ஏழு!' இறங்கும்போதும் ஏழு. இன்றைக்குத் தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, காதில் ஒரு போன். எண்ணுவார் இல்லை. இறங்கியதும் ஒரு தடவை திரும்பி சீட்டைப் பாருங்கள். இரண்டு விநாடிதான்.

நான்கு, தொலைந்த பிறகு உதவுகிற பழக்கம். செல்போனில் *#06# என்று அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எண் வரும். இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தொலைந்த போனை முடக்கி வைக்க, மத்திய அரசின் இணைய வசதி 2023 மே மாதம் முதல் நாடு முழுக்க இருக்கிறது. அங்கே போனாலும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். ஆவணம் தொலைந்தால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே பதியலாம். ஆனால் நகல் எடுத்து வேறு இடத்தில் வைத்திருந்தால்தான் எண்ணையும் தேதியையும் சொல்ல முடியும். வீட்டுப் பத்திரம் தொலைத்தவர்களைக் கேளுங்கள்: போலீஸ், பத்திரிகை விளம்பரம், 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற சான்றிதழ்... ஒரு நகலின் அருமை அப்போது தெரியும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்னும் முக்கியம். சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது எல்லா வயதிலும் உண்டு. சாவி எதற்கு என்பதே மறந்தால், பழகிய தெருவில் வழி தெரியவில்லை என்றால், ஏசாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மற்றபடி, அவர் கண்ணாடி, மாத்திரை, கைத்தடி மூன்றுக்கும் ஒரே இடம் வைத்து, யாரும் மாற்றாமல் இருங்கள். 'தாத்தாவுக்கு மறதி' என்ற பட்டம் பாதி குறைந்துவிடும்.

ஐயன் வள்ளுவர் இதற்கு ஒரு அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். 54-ஆவது அதிகாரம், பொச்சாவாமை. பொருட்பாலில், நாடாளுகிற அரசனுக்குச் சொல்கிற இடத்தில் வைத்திருக்கிறார். அதற்கு 'நினைவாற்றல்' என்று அவர் பெயர் வைக்கவில்லை. மறந்து சோர்ந்துவிடாமல் இருப்பது என்று வைத்தார். மகிழ்ச்சியில் மிதக்கும்போது வருகிற மறதி, அளவு மீறிய கோபத்தைவிடக் கெட்டது என்றுதான் தொடங்குகிறார். அதனால்தானோ என்னவோ, நம் ஊரில் பொருள் அதிகமாகத் தொலைகிற இடம் கல்யாண மண்டபமாக இருக்கிறது! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, ஞாபக சக்தி ஆண்டவன் கொடுப்பது. ஒருவருக்குக் கூட இருக்கும், ஒருவருக்குக் குறையும், வயதானால் தேயும். பழக்கம் நாம் செய்துகொள்வது. ஏழையும் செய்யலாம், எண்பது வயதுக்காரரும் செய்யலாம். ஒரு ஆணிக்கும் ஒரு கிண்ணத்திற்கும் ஆகிற செலவில், ஒரு அம்மாவுக்கு ஓய்வும், ஒரு வேலைக்கார அம்மாவுக்கு மானமும் கிடைக்குமென்றால், தீர்ப்பை எந்தப் பக்கம் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

எதிரணி நண்பர்களே, கிளம்பும்போது நாற்காலிக்கு அடியில் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். உங்களில் ஒருவர் மூக்குக் கண்ணாடி அங்கேதான் கிடக்கிறது! (பலத்த சிரிப்பு) நானும் இந்த மைக்கை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு விடைபெறுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)